உப்பில்லாத தட்டு

சுற்றுலா போனால் கப்பலில்தான் போகவேண்டும் என்று கிளாட்ஸ்டன் ஒற்றைக் காலில் நின்றார். பார்படோஸ் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் அப்படி ஒரு பிடிவாதக்காரர் கிடைக்கமாட்டார். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அவர் மனைவி வெர்லினுக்கு வேறு ஆசை. தீவு தீவாகப் போகவேண்டும், ஒவ்வொன்றிலும் இரண்டு ராத்திரி யாராவது வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடவேண்டும். பெக்குவே, கரியாக்கூ, கிரெனடா என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கரியாக்கூல என்னடி இருக்கு? ஆடும் கல்லறையும்தான். கப்பல்ல போனா பகல்ல ஒரு தீவைப் பார்த்தமா, ராத்திரி நம்ம கட்டில்ல படுத்தமான்னு இருக்கும்."

"பலகையைப் பிடிச்சுத் தப்பிச்ச ஆளுதானே நீ? கடல் ஆசை இன்னும் விடலையாக்கும்!"

அந்தப் பலகைக் கதை ஊருக்கே மனப்பாடம். கிறிஸ்துமஸ் ரம் இரண்டு கிளாஸ் உள்ளே போனால் அது தானாக வெளியே வந்துவிடும். 'லேடி ஐரிஸ்' என்ற பாய்மரக் கப்பல் மூழ்கியது, இவரை மட்டும் ஒரு மீன்படகு பார்படோஸில் கொண்டுவந்து போட்டது, உலகத்தில் இவருக்கு ஒரு நாதியும் இல்லாதது, எல்லாம் வரிசையாக வரும். நாதியற்றவர் என்று இரக்கப்பட்டுத்தான் வெர்லின் அவரைக் கட்டிக்கொண்டாள். இந்தக் கப்பல் விஷயத்திலும் வழக்கம்போல அவள்தான் விட்டுக்கொடுத்தாள்.

பயணத்தின் நடுவில் கடல் கொந்தளித்தது. போகவேண்டிய துறைமுகத்தில் அணைய முடியாது, பதிலாகக் கரியாக்கூவில் நங்கூரம் போடுகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வெர்லினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மனிதருக்கு அந்த நிமிடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"நீ போய்ட்டு வா. நான் படுத்துக்கறேன்" என்று போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார்.

படகில் கரையிறங்கிய வெர்லின், கடைத்தெருவைத் தாண்டி மேளச் சத்தம் வந்த பக்கம் நடந்தாள். ஒரு வீட்டு முற்றத்தில் பெரிய பானைகளில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணி போர்த்திய கல்லறைக்கல் ஒன்றைச் சுற்றிக் கூட்டம் நின்றது. அவள் வயதொத்த ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"வாங்கக்கா, உள்ள வாங்க. கல்லு வைக்கிற வீட்டைத் தாண்டி யாரும் சும்மா போகக் கூடாது. நான் யுஃபீமியா. என் புருஷனுக்குத்தான் கல்லு."

"எப்பம்மா தவறினாரு?"

"என் மக ஜெசினா கைப்பிள்ளையா இருந்தப்ப. கடல் கொண்டுபோயிருச்சு. உடம்பு கிடைக்காம எப்படிக் கல்லு வைக்கிறதுன்னு விட்டுட்டோம். இப்ப மக கனவுல வந்து நிக்கிறாரு. நனைஞ்ச சட்டையோட, பசிக்குது பசிக்குதுங்கறாரு. செத்தவங்க கனவுல வந்து சோறு கேட்டா போடாம இருக்க முடியுமா?"

வெர்லின் கையில் ரம் கிளாஸைத் திணித்து, விருந்தாளியே முதலில் கல்லில் ஊற்றட்டும் என்றார்கள். துணியை விலக்கினார்கள். அவள் குனிந்து படித்தாள். 'கிளாட்ஸ்டன் எனோ. லேடி ஐரிஸோடு கடலில் மறைந்தவர்.'

அதே கப்பலில் போன வேறு யாரோ கிளாட்ஸ்டனாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். அவள் புருஷன் பெயருக்குப் பின்னால் வருவது பிராத்வேட் அல்லவா? ஆனால் கல்லின்மேல் ஒரு போட்டோ சாய்த்து வைத்திருந்தார்கள். காதுவரை சரித்த தொப்பி, இரண்டாக வெட்டுப்பட்ட இடது புருவம். அந்தத் தழும்பில் அவள் எத்தனை ராத்திரி விரலை ஓட்டியிருக்கிறாள்!

கிளாஸ் நழுவிக் கல்லில் விழுந்து நொறுங்கியது.

"கிளாட்ஸ்டனுக்குத் தாகத்தைப் பாரு! மொத்தத்தையும் பிடுங்கிக்கிட்டான்!" என்று கூட்டம் கைதட்டிச் சிரித்தது.

யுஃபீமியா அவளைத் தாங்கி உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். மேசையில் வெள்ளை விரிப்பின்மேல் ஒரே ஒரு தட்டு. சோற்றிலும் சோளக்களியிலும் கறியிலும் ஆவி பறந்தது.

"அவருக்குப் போட்டது. ஆவிக்கு ஆகாதுன்னு உப்பு போட மாட்டோம். அவரு வந்து சாப்பிட்டுப் போறவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

"நீ... வேற கல்யாணம் பண்ணிக்கலையா?"

"எப்படிக்கா? செத்ததைக் கண்ணால பார்க்கலையே. வாசல்ல சத்தம் கேட்டா இன்னும் எந்திரிச்சுப் பார்க்கறேன். கல்லு வச்சாச்சு, இனிமேலாவது தூங்குவேன்."

வெர்லின் வாயைத் திறந்தால் தேவாலயத்தில் மோதிரம் மாற்றிய கல்யாணம் ஒன்றுமில்லாமல் போகும். இத்தனை வருஷம் அவள் யார் பெண்டாட்டி? மூடிக்கொண்டு கப்பலேறினால் அவள் குடும்பம் அவளுக்கு. இந்தப் பெண்ணும் நிம்மதியாகத் தூங்குவாள். கடலிலிருந்து கப்பலின் சங்கு கேட்டது. கடைசிப் படகுக்கு நேரமாகிவிட்டது. அவள் எழுந்து வாசல்வரை போய்விட்டாள்.

எதிரே ஜெசினா தண்ணீரோடு வந்தாள். அப்பனின் அதே மோவாய். வெர்லினுக்குப் பின்னாலேயே வந்த யுஃபீமியாவிடம் கேட்டாள்.

"அம்மா, சாப்பிட்டப்புறமும் அப்பா பசிக்குதுன்னு வருவாரா?"

வெர்லினுக்கு வயிறெரிந்தது. முந்தின ராத்திரி கப்பலில் திரும்பத் திரும்ப எழுந்துபோய்த் தட்டு நிறைய இறால் அள்ளிவந்த பாவி! அவள் போனை எடுத்தாள்.

"வயித்துவலி தேவலையா?"

"இப்பப் பரவால்ல. நீ எங்க இருக்க? படகு கிளம்பிரும்டி."

"நான் வரல. இங்க ஒரு வீட்ல ரெண்டு ராத்திரி தங்கப்போறேன்."

"யாரு வீட்ல?"

"உன் வீட்லதான். யுஃபீமியா பக்கத்துல நிக்கிறா. உனக்குச் சோறு போட்டு வச்சிருக்கா. ஆறிப்போகுது, வந்து சாப்பிடு."

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. யுஃபீமியா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு கையை நீட்டிப் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அந்த மூச்சைக் கேட்டபடி நின்றாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"ஜெசினா, உப்பை எடுத்துட்டு வா."