நிலையில் முன்னேற்றம்

வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். முப்பத்து நான்கு வயதில் யாரையாவது குட்டி என்று கூப்பிடுவார்களா என்றால், இடது கை விளங்காத தங்கையைக் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் இடது கையை முழுசாக எடுத்துக்கொண்டு, இடது காலில் ஏதோ கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருந்தது. கை இருக்கிறது. தோளிலிருந்து தொங்குகிறது. அவ்வளவுதான்.

அந்தக் கைக்கு எட்டு வருடமாக அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து வந்தது. சும்மா கொடுக்குமா? வருடத்துக்கு ஒரு தடவை அலுவலகத்துக்குப் போய், கை இன்னும் விளங்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பஸ்ஸில் போகும்போதே அண்ணன் பாடம் நடத்திவிடுவான்.

"என்ன கேட்டாலும் முடியாதுன்னு சொல்லு. யோசிக்காதே. நீ யோசிச்சா முடியும்போலன்னு நினைச்சுக்குவாங்க."

"பொய் இல்லையா அண்ணா?"

"இடது கையால முடியுமா? முடியாதுல்ல? அப்புறம் என்ன பொய்?"

அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டில் தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, ஆறு பேர் துணியையும் மடித்து அலமாரியில் அடுக்குவது எல்லாம் அவள்தான். எல்லாவற்றுக்கும் வலது கை ஒன்றே போதுமாக இருந்தது. முதல் வருடம் அலுவலகத்தில் முடியாது என்று சொல்லக் கூசியது. அடுத்த வருடம் அவ்வளவாக இல்லை. அதற்கப்புறம் வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்த வருடம் ஒரு கடிதம் வந்தது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் இனி வேலைக்கும் போகலாம், ஒரு வருடம் வரை தொகை நிற்காது, விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்று போட்டிருந்தது. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றான் அண்ணன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. எதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிற அண்ணி சும்மா இருந்தது குட்டிக்கே அதிசயம்தான். "நான் போறேன்" என்றாள் குட்டி. அந்த வீட்டில் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

வேலை, ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில். இயந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடிக்க வேண்டும். செய்து காட்டச் சொன்னார்கள். குட்டி மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தி நின்றாள். விரிப்பின் ஒரு முனையைத் தாடைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மறுமுனையை இழுத்துக் கொண்டுவந்து சேர்த்தாள். ஒரே வீச்சில் தடவி, திருப்பி, மறுபடி தடவினாள். இருபது விரிப்புகள். கூடத்துக்கு மேற்பார்வை பார்க்கும் அம்மாள் அடுக்கின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு கையால மடிக்கிறவளுக்குக்கூட ஓரம் இவ்வளவு நேரா வராது. ஆபீஸ்ல பேப்பரை முடிச்சுட்டு திங்கக்கிழமை வந்துடு."

பேப்பரை முடிக்கத்தான் மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார்கள். இந்தத் தடவை விண்ணப்பித்தவர் மட்டும் உள்ளே வரலாம் என்று சொல்லிவிட்டதால், அண்ணன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே வருடாவருடம் கேள்வி கேட்கிற அதே அதிகாரி. பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டே ஒரு ஃபாரத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

"ஐந்து கிலோ எடையைத் தூக்க முடியுமா?"

"முடியாது."

"தொடர்ந்து ஒரு மணி நேரம் நிற்க முடியுமா?"

"முடியாது."

"பிறர் உதவியின்றி உடை உடுத்த முடியுமா?"

"முடியாது."

அதிகாரி தலையைத் தூக்கினார். "என்னம்மா, நீங்க வேலைக்குத்தானே வந்திருக்கீங்க?"

வாய் சொன்னது அப்போதுதான் குட்டியின் காதில் விழுந்தது.

"முடியும் சார். மூணுமே முடியும். பழக்கத்துல சொல்லிட்டேன்."

"பழக்கத்துல" என்றார் அவர். சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து அவளுடைய கோப்பை எடுத்துப் பிரித்தார். எட்டு வருடத்து எட்டு ஃபாரங்கள், அதே கேள்விகள், எல்லாவற்றுக்கும் முடியாது. ஒவ்வொன்றின் கீழும், மேற்கண்டவை உண்மை என்று அண்ணன் வளைத்து வளைத்துப் போட்ட கையெழுத்து.

"இப்ப முடியும்னு எழுதினா இது எட்டும் பொய்யாயிடும். உங்க அண்ணன்தான் பதில் சொல்லணும். முடியாதுன்னே விட்டா வேலை கிடையாது."

"ரெண்டும் உண்டுன்னு கடிதத்துல போட்டிருந்துச்சே சார்?"

"திட்டம் புதுசும்மா. ஃபாரம் பழசு."

அவர் கெட்டவர் இல்லை. பின்பக்கத்தைத் திருப்பி ஒரு சின்னக் கட்டத்தைக் காட்டினார். 'நிலையில் முன்னேற்றம்' என்று எழுதியிருந்தது.

"இதுல டிக் அடிச்சா, போன வருஷம் வரைக்கும் முடியல, இப்ப குணமாயிடுச்சுன்னு அர்த்தம். யாரும் பொய் சொன்னதா ஆகாது. வேலையும் கிடைக்கும். ஆனா தொகை இன்னையோட நின்னுடும். உதவித்தொகை அட்டையை இங்கேயே கொடுத்துடணும்."

"வேலை எத்தனை நாளைக்கு சார்?"

"முதல்ல ஆறு மாசம்னு போட்டிருக்கு."

"அப்புறம் இல்லேன்னா?"

"மறுபடி முதல்லேருந்து வரணும். குணமான கை எப்படித் திரும்பக் கெட்டுச்சுன்னு கேப்பாங்க."

குட்டி மேசையைப் பார்த்தபடி இருந்தாள். அரசாங்கம் அவளை வரச் சொன்னதெல்லாம் முடியாது என்று சொல்வதற்குத்தான். முடியும் என்பதற்காக ஒருத்தர் வரச் சொன்னது நேற்றுத்தான். அது அவளுக்கு வேண்டும். வேறொன்றும் தோன்றவில்லை.

"டிக் அடிங்க சார்."

அவர் அடித்தார். சந்தோஷம் வரும் என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை. பயமாவது வரும் என்று பார்த்தாள். அதுவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் தடித்துக் கிடந்தது. அட்டையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். அதுவே சரியில்லை.

"குணமாயிடுச்சா? எந்தக் கை குணமாச்சு?"

"இல்லேன்னா உன்னை மாட்டிவிடுவாங்க அண்ணா."

"எட்டு வருஷமா லீவு போட்டுட்டு கூட்டிட்டு வந்தேன். அஞ்சு நிமிஷத்துல குணமாயிட்டு வந்து நிக்கிறே!"

கோபம் வந்தால் அவனுக்கு யாரிடமாவது கொட்டியாக வேண்டும். போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டான்.

"கேட்டியா சேதி? உன் நாத்தனாருக்குக் கை குணமாயிடுச்சாம். ஆபீஸ்லயே சொல்லிட்டாங்க. இனி அவளைக் கையில பிடிக்க முடியாது!"

அந்தப் பக்கம் ஏதோ கத்தல் கேட்டது. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். விடவில்லை போலிருக்கிறது. முகம் மாறிப்போய், போனைத் தங்கையிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"குட்டி! நிஜமாவா?" அண்ணிக்கு மூச்சு வாங்கியது.

"வேலை கிடைச்சிருக்கு அண்ணி. திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."

"வேலை கிடக்கட்டும், கையைச் சொல்லு. அசைச்சியா? விரல் மடங்குதா? வலிச்சுதா?"

அண்ணி அழுதுகொண்டிருந்தாள். பதினோரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அண்ணி அழுது குட்டி கேட்டதில்லை. இந்தக் கைக்காக அந்த வீட்டில் ஒருத்தி ஆசைப்பட்டுக் காத்திருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது.

"சொல்லேன்டி. எந்த விரல் முதல்ல?"

"காகிதத்துலதான் அண்ணி குணமாச்சு."

"அப்போ கை?"

"அப்படியேதான் இருக்கு."

அண்ணியின் அழுகை நின்றது. போனை வைக்கவில்லை. குட்டி மடியைப் பார்த்தாள். கை போனபோது அவளுக்கு மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை. இப்போதுதான் போகிறது போல இருந்தது.