சலவைக்கூடத்துச் சகலைகள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் இரண்டு சகலைகள் வேலை பார்த்தார்கள். அக்காளைக் கட்டியவர் பெரிய சகலை. துவைக்கும் இயந்திரங்கள் அவர் பொறுப்பு. தங்கையைக் கட்டியவர் சின்ன சகலை. ஈரம் முழுசாகக் காயாத படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் சுருக்கமில்லாமல் வாங்குகிற இஸ்திரி வேலை அவருடையது. ஒரே கூரைக்குக் கீழே பல வருடம் வேலை செய்தும் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

நடுவில் உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட ஓர் அக்கா இருந்தாள். அவள் வழியாகத்தான் எல்லாம் போகும்.

"அடுத்து ஆபரேஷன் தியேட்டர் துணி வருதுன்னு சொல்லிடுங்க" என்பார் பெரியவர்.

நாலடி தள்ளி நிற்கும் சின்னவர் காதில் அது விழாமல் இருக்காது. ஆனாலும் அவர் உருளையையே பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா திரும்பி, "தியேட்டர் துணி வருதாம்" என்றதும், அப்போதுதான் சேதி கிடைத்தவர் போலத் தலையை ஆட்டுவார். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் சிரிப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் முப்பதைத் தாண்டிய ஒரு பெண். அதே கூடத்தில் துணி மடிக்க வந்து, மடிப்பு மேசையிலிருந்து மேலே ஏறியவள். பதவி கொடுத்த நிர்வாகம், ஒரு டிப்ளமோ முடித்தால்தான் அது நிரந்தரம் என்று சொல்லிவிட்டது. அதனால் வேலை முடிந்து மாலை வகுப்புக்கு ஓடினாள். அங்கே அவளுக்குப் பிடித்த பாடம் நிறுவன நடத்தையியல். மனிதர்கள் வேலையிடத்தில் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்கள் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. படித்ததை வீட்டில் வந்து கணவனிடம் ஒப்பிப்பாள். பஸ் ஓட்டிக் களைத்து வந்த அந்த மனுஷன், "இப்ப என்னை மேனேஜ் பண்றியா, மோட்டிவேட் பண்றியா? எதுன்னாலும் முதல்ல சோத்தைப் போடு" என்பான்.

ஒரு நாள் பேராசிரியை, "உங்க வேலையிடத்துல இருக்குற ஒரு மோதலை எடுத்துக்குங்க. நீங்களே தலையிட்டுத் தீர்க்கப் பாருங்க. என்ன நடந்துச்சுன்னு எழுதிட்டு வாங்க" என்றார். மற்ற மாணவர்கள் மோதலுக்கு எங்கே போவது என்று முழித்தார்கள். அவளுக்கு அந்தக் கவலை இல்லை.

மறுநாள் காலை வேலை கொஞ்சம் ஓய்ந்ததும் இரண்டு சகலைகளையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். அறை என்றால், சோப்புத்தூள் பீப்பாய்களை ஒதுக்கிவிட்டு ஒரு மேசை போட்ட இடம். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தாள். முழங்கால்கள் இடிக்காமல் இருக்க இருவரும் உடம்பைக் கோணலாகத் திருப்பிக்கொண்டார்கள்.

"யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. மனசுல இருக்கறதைப் பேசினா வேலை இன்னும் சுலபமாகும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் குறுக்கிடாம கேட்கணும். அவ்வளவுதான்" என்றாள். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

பெரியவர் சுவரைப் பார்த்தபடி, "மாமனார் போன அன்னைக்கு நான் போன் பண்ணேன். ஒரு தரம் இல்ல, பல தரம். எடுக்கலைன்னா நான் என்ன செய்ய?" என்றார்.

சின்னவர் வெடுக்கென்று திரும்பினார். "வந்துக்கிட்டு இருந்தேன். பாதி வழியில இருந்தேன். பெத்த அப்பன் முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்க விடாம மண்ணைப் போட்டு மூடினவங்க இவங்க. என் பொண்டாட்டி அந்த மண்ணு மேல விழுந்து அழுதா."

"நான் கூப்பிட்டேன்னு சொல்றேன்ல!"

"கூப்பிட்டாராம்! கூப்பிட்டாராம்!"

நாற்காலி பின்பக்கம் சாய்ந்து விழுந்தது. சின்னவர் வெளியே போனார். போகிற போக்கில் உருளையை அணைத்தார், மேலங்கியைக் கழற்றி மேசைமேல் எறிந்தார், படியேறிவிட்டார். பெரியவர் மாலைவரை வேலை செய்தார். மறுநாள் அவரும் வரவில்லை.

சலவைக்கூடம் படுத்துவிட்டது. ஈரத் துணி தொட்டிகளில் குவிந்து நாறியது. மேலே வார்டுகளிலிருந்து போன் மேல் போன். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் நேரிலேயே இறங்கி வந்து, "விரிப்பு இல்லாம பேஷண்டை எதுல படுக்கவைக்கிறது?" என்று கத்திவிட்டுப் போனாள். சூப்பர்வைசர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உருளையின் முன் நின்றாள். அவள் கொடுத்த விரிப்புகள் மறுபக்கம் கோணல்மாணலாக வந்தன. முன்கையில் சூடு பட்டுக் கொப்புளம் எழும்பியது.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். மற்றவர்கள் முன்னால் அவளை "மேடம்" என்று கூப்பிடுகிறவள், தனியாக இருக்கும்போது பழைய தோழிதான்.

"நல்லாத்தானேடி வேலை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க? யாராவது வந்து உங்கிட்ட புகார் சொன்னாங்களா?"

"இல்லக்கா. பேசினா நல்லதுன்னு..."

"யாருக்கு நல்லது? உனக்கு மார்க் வேணும். அதுக்கு அவங்க புண்ணைக் கிளறணுமா?"

சுருக்கென்று இருந்தது. அந்த வீட்டுப்பாடத்தைப் பேராசிரியை கொடுத்திருக்காவிட்டால் அவர்களை அவள் கூப்பிட்டே இருக்கமாட்டாள். அது அவளுக்குத் தெரியும்.

அன்று வகுப்புக்குப் போகவில்லை. நேராகச் சின்ன சகலை வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் நின்றே பேசினார், உள்ளே வரச் சொல்லவில்லை.

"தப்பு என்மேலதான். வீட்டு விஷயத்தை வேலையிடத்துல இழுத்திருக்கக் கூடாது. இனிமே அவரோட பேசுங்கன்னு சொல்லமாட்டேன்" என்றாள்.

அவர் அவளுடைய கையில் இருந்த கொப்புளத்தைப் பார்த்தார். "உருளையில யாரு நின்னது? நீங்களா?"

"வேற ஆள் ஏது?"

"விரிப்போட ஓரத்தைப் புடிச்சுக் குடுக்கணும்மா. நடுவுல புடிச்சா இப்படித்தான்" என்று சலித்துக்கொண்டார். பிறகு, "காலையில வர்றேன்" என்றார்.

பெரிய சகலை வீட்டில் கதவைத் திறந்தது அவர் மனைவி. காதில் போனை வைத்துக்கொண்டே, "வாங்க மேடம்" என்று வழிவிட்டவள், போனில், "உன் வீட்டுக்கு வந்தாங்கன்னு சொன்னியே, இங்கேயும் வந்துட்டாங்க. வைக்கிறேன்" என்றாள். சூப்பர்வைசர் திகைத்ததைப் பார்த்துச் சிரித்தாள். "என் தங்கச்சிதான். நாங்க தினமும் பேசுறோம். இந்த ஆம்பளைங்க ரெண்டு பேரும்தான் முறுக்கிக்கிட்டுத் திரியறாங்க."

பெரியவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவரிடமும் அதே மன்னிப்பைக் கேட்டாள். கிளம்ப எழுந்தவளுக்கு, நேற்றிலிருந்து மனசுக்குள் உருண்டுகொண்டிருந்த ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். நீங்க போன் பண்ணீங்களா இல்லையான்னு அவர் கேட்கல. ஏன் காத்திருக்கலைன்னு கேட்கிறார். நீங்க அதுக்கு இன்னும் பதிலே சொல்லல."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். சோப்பில் ஊறி வெளுத்துப்போன கைகள்.

"வீட்டுல அன்னைக்கு ஆம்பளைன்னு நான் ஒருத்தன்தான். ஆளாளுக்கு எடுங்க, எடுங்கன்னாங்க. மழை வேற கொட்டுது. இன்னும் ரெண்டு மணி நேரம் பொறுங்கன்னு அழுத்திச் சொல்ல எனக்குத் தைரியம் வரல. அதான் நடந்தது. அப்புறம் போன் பண்ணேன், போன் பண்ணேன்னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவர்கிட்ட இதைச் சொல்லுவீங்களா?"

"மாட்டேன். நான் மூக்கை நுழைச்சது போதும்."

மறுநாள் இருவரும் வந்தார்கள். பழையபடி அக்கா வழியாகவே சேதி போனது. ஆனால் சூப்பர்வைசர் ஒரு மாற்றம் செய்தாள். தியேட்டர் துணிக்குச் சிவப்பு வண்டி, வார்டு துணிக்கு நீல வண்டி என்று பிரித்துவிட்டாள். எந்த வண்டி வருகிறது என்று பார்த்தாலே சின்னவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அக்கா லீவு போட்டாலும் வேலை நிற்காது. நட்பாக இல்லாதவர்களும் சேர்ந்து வேலை செய்ய வழி பண்ணுவதும் தன் வேலைதான் என்று அவளுக்குப் புரிந்தது. வகுப்புக்கு எழுதிக்கொடுத்ததில், தான் தலையிட்டதால் காரியம் கெட்டதையும் மறைக்காமல் எழுதினாள். பேராசிரியை ஓரத்தில், 'மோதல் தீரவில்லையே' என்று குறித்து, சுமாரான மதிப்பெண் போட்டார்.

சில வாரம் கழித்து, பரீட்சை எழுதப் போன அவள் மத்தியானத்துக்கு மேல் சலவைக்கூடத்துக்குத் திரும்பினாள். படியிலேயே அக்கா அவளை மறித்துக்கொண்டாள்.

"நீ இல்லாத நேரம் பார்த்து நடந்திருக்குடி. பெரியவர் மெஷினை நிறுத்திட்டு நேரா உருளைகிட்ட போனாரு. அடிச்சுக்கப் போறாங்கன்னு நினைச்சேன். போய் நின்னு, 'அன்னைக்கு நான் காத்திருந்திருக்கணும், எனக்குத் தைரியம் பத்தல'ன்னாரு. அவ்வளவுதான்."

"அவர் என்ன சொன்னார்?"

"அப்படியே நின்னாரு. உருளையில துணி தீயுற வாடை வந்துடுச்சு. நான்தான் ஓடிப் போய் அணைச்சேன். அப்புறம் முகத்தைத் துடைச்சுக்கிட்டு, 'இத்தனை வருஷமாச்சா இதைச் சொல்றதுக்கு'ன்னாரு. 'ஆயிடுச்சு'ன்னாரு பெரியவர். போய் வேலையைப் பார்த்தாங்க."

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் அவரவர் இடத்தில்தான் நின்றார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு திரியவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் பேச்சு என்னவோ இரண்டொரு வார்த்தையோடு நின்றது. 'ஈரம் அதிகமா இருக்கு', 'இன்னொரு சுத்து விடறேன்', அவ்வளவுதான். அதையும் இருவரும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பேசினார்கள்.

மாதக் கடைசியில் இருவரும் சேர்ந்து அவள் அறை வாசலில் வந்து நின்றார்கள். பெரியவர் சின்னவரைப் பார்க்க, சின்னவர்தான் பேசினார்.

"அடுத்த வாரம் ஒரு நாள் லீவு வேணும்மா. மாமனாரை அடக்கம் பண்ண இடத்துக்குக் குடும்பத்தோட போயிட்டு வரலாம்னு."

"ரெண்டு பேருக்குமா? ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்லதான்" என்றார் பெரியவர்.

துவைக்கவும் ஆளில்லை, இஸ்திரிக்கும் ஆளில்லை. தியேட்டர் நர்ஸின் குரல் இப்போதே காதில் கேட்டது.

"போயிட்டு வாங்க. ஆனா கிளம்பறதுக்குள்ள அந்த விரிப்பு ஓரத்தை எப்படிப் புடிக்கிறதுன்னு ஒரு தடவை ஒழுங்காக் காட்டிட்டுப் போங்க" என்றாள்.