பஞ்சுக் கிட்டங்கியில் இறந்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி மோதித்தான் அத்தா பிச்சை முகம்மது செத்துப்போனார் என்று சொல்லியே மாஜிதாவை வளர்த்திருந்தார்கள். 1994இல் வீட்டுப் பட்டாவை மாற்ற இறப்புச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, அந்த ஊர்ப் பதிவில் அவர் பெயரே இல்லை.

"குடியிருந்த ஊர்ல பதிய மாட்டாகம்மா. உசுரு போன எடத்துலதான் பதிவாகும். வேற எங்கயும் எறந்தாகளா?" என்றார் குமாஸ்தா.

அத்தா வேலை பார்த்தது ராஜபாளையத்தில். அங்கே போய்க் கேட்டாள். கிடைத்தது. நிரந்தர முகவரி ஸ்ரீவில்லிபுத்தூர். இறந்த இடம், அகமது கபீர் பஞ்சுக் கிட்டங்கி. பேல் எனும் பஞ்சுப் பொதி சரிந்து மரணம். தகவல் தந்தவரும் அகமது கபீரே. அவளுடைய தாய்மாமா. இத்தனை வருசமும் அவளுக்கும் அம்மா நூர்பானுவுக்கும் சோறு போட்டவர்.

லாரி எங்கிருந்து வந்தது? வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டாள். நூர்பானு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கிட்டங்கிப் பக்கம் போகாதட்டி," என்று மட்டும் சொன்னாள். மாஜிதா அடுத்த பஸ்ஸிலேயே ராஜபாளையம் திரும்பினாள்.

பேல் அடுக்கிய கிட்டங்கியில் ஆளில்லை. மதியச் சாப்பாட்டு நேரம். பேல் இழுக்கும் இரும்புக் கொக்கியோடு மாமா மட்டும் நின்றார்.

"மாமா, அத்தா இங்கயா மவுத்தானாக? பொறவு எதுக்கு லாரின்னு சொன்னீக?"

அவள் நீட்டிய தாளைப் பிடுங்கிக் கிழித்தார். "தங்கச்சி மாப்பிள்ளைன்னு வேல குடுத்தேன். எங்கிட்டயே ஸ்ட்ரைக்குக்கு ஆள் சேத்தான். எல்லார் முன்னாலயும் என் சட்டையப் பிடிச்சான். விடுவனா?"

"அடிச்சே கொன்னீகளா?"

பதிலுக்கு அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து பேலில் மோதினார். கண் இருண்டது. கொக்கி அவள் தோளில் இறங்கிச் சதையைக் கிழித்தது. பஞ்செல்லாம் ரத்தம். அவள் அவர் கையைக் கடித்தாள், வயிற்றில் உதைத்தாள். அவர் விடவில்லை. முழங்காலை அவள் நெஞ்சில் ஊன்றிக் கழுத்தை நெரித்தார்.

அப்போது எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. மாமா அலறிக்கொண்டு சரிந்தார். பின்னாலேயே பஸ் பிடித்து வந்திருந்த நூர்பானு, இரண்டு கையாலும் எடைக்கல்லைத் தூக்கி நின்றாள். இன்னொரு தடவை அவர் தோளில் போட்டாள்.

"எம் புருசன என் கண்ணு முன்னால கொன்ன. பிள்ள கிட்டங்கிப் பக்கம் வந்து கேட்டுரக் கூடாதுன்னு லாரின்னு சொல்ல வச்ச. வாயத் தொறந்தா பிள்ளையையும் கொன்னுருவேன்ன. இப்ப அதையும் செய்யப் பாத்தியே அண்ணே!"

மூன்றாவது முறை கல்லை ஓங்கியவளை மாஜிதாதான் தடுத்தாள். "வேணாம்மா. போலீசுக்குப் போவோம்."

மாஜிதாவைக் கொல்லப் பார்த்ததற்கு அகமது கபீருக்கு ஜெயில் கிடைத்தது. பழைய கொலையில், நூர்பானு கூண்டில் ஏறி நடுங்காமல் சொன்ன சாட்சி மட்டும் போதாது என்று விட்டுவிட்டார்கள். அன்றைக்குக் கோர்ட் வாசலிலேயே அம்மா உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருசனுக்காக, அண்ணனுக்குப் பயப்படாமல் எல்லோர் முன்னாலும் அவள் அழுதது அதுதான் முதல் தடவை.