பிலிப்ராஜ் விழித்திருந்தபோது நின்ற காற்று

வனத்துறையில் இரவுக் காவல் பார்க்கும் பிலிப்ராஜுக்குப் பகல் தூக்கத்தில் மூச்சு நிற்கும்போதெல்லாம் எங்கள் மலையூரில் காற்றும் நின்றுவிடும். சாதாரண நாளில் இருபது விநாடி, கறிச்சோறு தின்ற ஞாயிற்றுக்கிழமை என்றால் நாற்பது. பாடெல்லாம் களத்துப் பெண்களுக்குத்தான். சாமை தூற்ற முறத்தைத் தலைக்கு மேல் தூக்கியிருப்பார்கள், இலை அசையாது. கை கடுத்துப்போய்ச் செல்லம்மா கத்துவாள்: "யோவ் பிலிப்பு, பெரண்டு படுய்யா!" அவர் புரள்வார், குறட்டை கிளம்பும், உமி பறக்கும்.

மனைவி சாந்தாமேரி அவரை வேலூருக்கு அழைத்துப்போய், மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்கும் காற்று மெஷின் ஒன்று வாங்கிவந்தாள். அந்த வருஷமே அவளுக்கு எட்டாம் மாதத்தில் மெர்சிலின் பிறந்தாள். அப்பன் ஜாடையோ என்னவோ, அதற்கும் தூக்கத்தில் மூச்சு நின்றது. குறைமாசக் குழந்தைக்கு அப்படித்தான், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, மூச்சு நின்றால் கூவுகிற கருவியைக் காலில் மாட்டி அனுப்பினார்கள். அதன் பிறகும் காற்று அவ்வப்போது நின்றது. பழி பிலிப்ராஜ் மேல்தான் விழுந்தது, மெஷினை ஒழுங்காக மாட்டுவதில்லையாம்.

ஐப்பசி மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. மெஷின் ஓடாது, வெயிலோ வந்துவிட்டது, சாமையைத் தூற்றியாக வேண்டும். பெண்கள் கூடிப் பேசி, கரண்ட் வரும்வரை பிலிப்ராஜ் தூங்கவே கூடாது என்று அவரைக் களத்தில் சாக்குப் பிடிக்க நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் காற்று நின்றது. செல்லம்மா வழக்கம்போலக் கத்தினாள்: "யோவ் பிலிப்பு, பெரண்டு படுய்யா!"

"நான் இங்கத்தான கீறேன்க்கா," என்றார் அவர், சாக்கும் கையுமாக.

ஒருவரும் சிரிக்கவில்லை. "அய்யோ, கொயந்த!" என்றாள் செல்லம்மா.

முறங்களைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடினார்கள். கருவி சார்ஜ் தீர்ந்து கிடந்தது. இரண்டு நாளாகக் கண் மூடாத சாந்தாமேரி சுவரில் சாய்ந்தபடி அசந்திருந்தாள். குழந்தையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. பிலிப்ராஜ் விரலால் அதன் உள்ளங்காலைச் சுண்டினார். இன்னொரு முறை சுண்டினார். மூன்றாவது சுண்டலுக்கு அது வீறிட்டது, களத்து உமி அவ்வளவும் எழும்பிச் சர்ச் கூரைமேல் போய் விழுந்தது. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் அழுத அழுகையை ஊரே பார்த்தது.

மெர்சிலினுக்கு இப்போது நாலு வயசு, மூச்சு நிற்பதில்லை. அப்பனுக்குத்தான், கரண்ட் போகிற நாட்களில் நிற்கிறது. காற்று நின்றால் யாரும் கத்துவதில்லை. களத்தில் விளையாடுகிறவளைப் பார்த்து, "போய்ட்டு வா கண்ணு," என்பார்கள். அவள் வீட்டுக்கு ஓடி அப்பனின் உள்ளங்காலைச் சுண்டுவாள். தூக்கிய முறத்தை யாரும் இறக்குவதில்லை, அதற்குள் காற்று வந்துவிடும்.