தகட்டின் சத்தம்

வேகத்தடையில் ஏறி இறங்கியதும் காருக்கு அடியில் தகடு கடகடவென்று அடித்துக்கொண்டது. ஜோஷ்வா இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்துக்கா. இந்தச் சத்தம் என் வயித்துக்குள்ளயே கெடந்து அடிக்கி."

"கொஞ்ச தூரந்தாம்ல. ஆஸ்பத்திரிக்குப் போயி தண்ணிய எடுத்துட்டா சரியாயிரும்."

"எடுத்தா திரும்ப ஊறும். இதையாவது சரி பண்ணுக்கா."

ஈரலில் புற்று. வயிற்றில் ஊறும் நீரை வாராவாரம் எடுப்பதைத் தவிர டாக்டர்களிடம் வேறு வழியில்லை. நர்ஸாக வார்டிலேயே வயதைக் கழித்த ஜோஸ்லினுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தம்பி எதையாவது வேண்டுமென்று கேட்டே வெகு நாளாகியிருந்தது. கரோல் பாக் திருப்பத்தில், மெக்கானிக் ஹரிஷங்கரின் ஒர்க்‌ஷாப் முன்னால் வண்டியை ஓரங்கட்டினாள்.

வேப்பமரத்தடியில் வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அவனை உட்கார வைத்தாள். குளிருக்குத் தன் சால்வையைப் போர்த்திவிட்டாள். ஹரிஷங்கர் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கிவிட்டு, சைலன்சர் குழாய் கொதிக்கிறது என்று கையை உதறினான்.

"தண்டா ஹோனே தோ, தீதி."

சூடு ஆறக் காத்திருந்தார்கள்.

"இதே சத்தத்தோட ஆக்ரா வரைக்கும் போயிருக்கேன்க்கா. பாட்டக் கூட்டி வச்சிட்டா கேக்காது" என்று ஜோஷ்வா சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

குழாயின் சூட்டைத் தடுக்கும் தகட்டில் போல்ட் பிடிக்கும் இடம் துருவேறி உதிர்ந்திருந்தது. பிய்த்து எறிந்துவிடலாம் என்றான் ஹரிஷங்கர். ஜோஸ்லின் சம்மதிக்கவில்லை. அப்படியானால் இரும்புப் பட்டையைச் சுற்றி இறுக்கலாம் என்றவன், வெளிச்சம் காட்டச் சொன்னான். போன் டார்ச்சோடு தரையில் குனிந்தாள். சுத்தியல் விழ விழத் துரு அவள் கையில் கொட்டியது.

"அக்கா."

"இருல, முடிஞ்சிட்டு" என்றாள், திரும்பாமலே.

ஹரிஷங்கர் திருகாணியை இறுக்கிவிட்டுத் தகட்டைக் கையால் தட்டிப் பார்த்தான். அசையவில்லை. ஜோஸ்லின் எழுந்து துருவைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள்.

"ஏல, சரியாயிட்டு. எந்தி."

அவன் தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அரைக்கண் திறந்திருந்தது. வெயில் நேராக விழுந்தும் கண் கூசவில்லை.

அவள் விரல்கள் தாமாகவே அவன் கழுத்துக்குப் போயின. இடம் மாற்றி வைத்துப் பார்த்தாள். எத்தனையோ கழுத்துகளைத் தொட்டிருக்கிறாள், இப்படி அழுத்தியதில்லை. நெஞ்சை அமுக்கக் கை உயர்ந்தது. எலும்பும் தோலுமான அந்த நெஞ்சின் மேல் அமுக்காமல் அப்படியே கிடந்தது.

"தீதி, ஆம்புலன்ஸ்?"

வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

ஜாக்கியை இறக்கிவிட்டு, இருவருமாக அவனைத் தூக்கி முன் இருக்கையில் சாய்த்தார்கள். வயிற்றைத் தவிர அவனிடம் கனமே இல்லை. சான்று வாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வீட்டில் அம்மா இருக்கிறாள். அவளுக்குப் போன் செய்ய வேண்டும். ஜோஸ்லின் இன்ஜினைக் கிளப்பினாள். அடியில் ஒரு சத்தமும் இல்லை.

பெல்ட் போடாத இருக்கைக்கான மணி பீப், பீப் என்று அடிக்கத் தொடங்கியது. ஹரிஷங்கர் ஜன்னலருகே நின்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மணி விடாமல் அடித்தது.

அவள் குறுக்கே எட்டி பெல்ட்டை இழுத்தாள். வீங்கிய வயிற்றை அழுத்தாதபடி பட்டையைக் கீழே இறக்கிவிட்டு, மாட்டினாள்.