மாணிக்கவேல் பார்க்க ஒரு புரொஜெக்டர்

என் கணவர் பூவராகவன் என்னைப் பெண் பார்க்க வந்தபோது கால் மணி நேரத்தில் சம்மதம் சொல்லிவிட்டுப் போனவர். ஒரு புரொஜெக்டர் வாங்க அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. இரண்டு தடவையும் எதிராளி சொன்னதை அப்படியே நம்பினார் என்பதுதான் என் அபிப்பிராயம்.

வாங்கியது எங்களுக்காக இல்லை, மாணிக்கவேலுக்காக. அவரும் இவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மாணிக்கவேலுக்குத் தாமலில் நிலம், பெரிய காஞ்சிபுரத்தில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் செய்கிற கடை. சனிக்கிழமை மாலைகளில் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு, சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தம்பி கொண்டுவந்து கொடுத்த ஒரு பலகை விளையாட்டை மூவரும் கூடத்து மேஜையில் விரித்து ஆடுவோம். பலகை முழுக்கக் கடல், ஓரங்களில் துறைமுகங்கள். புளியங்கொட்டை அளவு வண்ணக் கட்டைகள்தான் கப்பல்கள். யார் அதிகத் துறைமுகங்களைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் தேவையா என்று தெருவில் கேட்டார்கள். அவர்கள் அந்த நேரத்தில் டிவியில் மாமியாரும் மருமகளும் விஷம் வைத்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன வருஷம் மாணிக்கவேலின் கண்கள் மங்க ஆரம்பித்தன. சர்க்கரை. டாக்டர் செய்யக்கூடியதைச் செய்துவிட்டார். மாணிக்கவேல் பைக்கை விற்றுவிட்டு பஸ்ஸில் வரத் தொடங்கினார். பலகையில் எது பச்சைக் கட்டை, எது நீலம் என்று குனிந்து, மூக்கு இடிக்கிற தூரத்தில் பார்ப்பார். அதிலிருந்து என் கணவர் வேண்டுமென்றே தோற்க ஆரம்பித்தார். கைக்கெட்டும் துறைமுகத்தை விட்டுவிட்டு, கப்பலை எங்கேயாவது நடுக்கடலில் கொண்டுபோய் நிறுத்துவார். மாணிக்கவேல் போன பிறகு நான் சத்தம் போடுவேன்.

"பாவம், ஜெயிச்சுட்டுப் போகட்டுமே. உனக்கென்ன குறைஞ்சுபோச்சு?" என்பார் இவர்.

எனக்குக் குறையவில்லை. மாணிக்கவேலுக்குத்தான் குறைகிறது என்றேன். கண் போனவனுக்குப் புத்தியும் போய்விட்டதா என்ன? நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பாவம் பார்த்து மார்க் போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. விளையாட்டிலும் அப்படித்தான். என்னிடம் சிக்கினால் தோற்கடித்தேன்.

கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். மாணிக்கவேல் என் ஆட்டத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "டீச்சர், அந்தக் கப்பல் எங்க இருந்துது?" என்பார். இவரிடம் அப்படிக் கேட்பதில்லை. என்னிடம் பேச்சும் சுருங்கிப்போனது. பிறகு ஒருநாள், பலகை சரியாகத் தெரியவில்லை, இனி வருவதற்கில்லை என்று இவரிடம் சொல்லிவிட்டார். இவர் முகம் செத்துப்போயிற்று. இவருக்கு வேறு நண்பர்கள் கிடையாது. எனக்கும் சனிக்கிழமையை விட்டால் வேறு போக்கு இல்லை.

அப்போதுதான் புரொஜெக்டர் யோசனை வந்தது. என் தம்பியோடு பேச வாங்கிய வெப்கேமராவைப் பலகைக்கு மேலே தொங்கவிட்டு, படத்தைக் கம்ப்யூட்டர் வழியாகச் சுவரில் ஆளுயரத்துக்கு விழவைத்தால் மாணிக்கவேலுக்குத் தெரியும். இவர் விசாரணையில் இறங்கினார். ஆபீஸ்களில் வைக்கிற பெரிய புரொஜெக்டர் பகலிலேயே பளிச்சென்று தெரியும், ஆனால் எங்கள் சக்திக்கு மீறியது. ஏதோ கம்பெனி கழித்துக்கட்டிய பழையது மலிவாகக் கிடைத்தது. அதன் பல்பு எந்த நிமிஷம் போகும் என்று தெரியாது, போனால் புது பல்பு மெஷின் விலை. மூன்றாவது, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு எல்இடி புரொஜெக்டர். பல்பு மாற்றவே வேண்டாம், சூடாகாது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் இவரைக் கீழ்த்தளத்து ரூமுக்குக் கூட்டிப்போய் அதைப் போட்டுக் காட்டினார். ஜன்னல் இல்லாத ரூம். படம் பிரமாதமாக இருந்ததாம். வாங்கிவந்துவிட்டார்.

மாணிக்கவேலைக் கெஞ்சி வரவழைத்தார். ஊஞ்சலைக் கழற்றிய கொக்கியிலிருந்து கேமரா தொங்கியது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சுவரில் என் கணவரின் வெள்ளை வேஷ்டி. எல்லாம் அளந்துதான் செய்திருந்தார். ஆறு மணிக்கு நான் எழுந்து டியூப்லைட்டைப் போட்டேன். வேஷ்டியில் இருந்த கடல் காணாமல் போனது.

இவர் அணைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். விளக்கு வைக்கிற நேரத்தில் எந்த வீட்டில் கூடத்தை இருட்டாக்கி வைப்பார்கள்? இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர், அந்த நேரத்தில் விளக்கு தானாக எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏற்றுகிறவளைப் பார்த்திருந்தால்தானே தெரியும்.

"வுடு பூவராகா, இது நமக்கு சரிவராது" என்று மாணிக்கவேல் எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு நிம்மதி இல்லை. கடைசியில் நானே ஒரு வழி செய்தேன். எங்கள் வீட்டுப் பெருமாள் சன்னதியில் விளக்கு எரியும். பலகை மேல் ஒரு டேபிள் லேம்ப் எரியும், கேமராவுக்கும் அது வேண்டும். டியூப்லைட் வேண்டாம். பெருமாள் கோபித்துக்கொள்வார் என்றால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று நானே மாணிக்கவேலுக்குப் போன் செய்தேன்.

வந்தார். இந்தத் தடவை வேஷ்டியில் துறைமுகங்கள் தாம்பாளம் தாம்பாளமாகத் தெரிந்தன. தன் பச்சைக் கப்பல்களைத் தானே எண்ணினார். ஆறு மணிக்கு வழக்கம்போல ஆட்டம் நின்றது. இவர் சந்தியாவந்தனம் பண்ணக் கிணற்றடிக்குப் போனார். எங்கள் பூஜை நேரம் என்று மாணிக்கவேல் எப்போதும் மரியாதைக்கு வாசலுக்குப் போய்விடுவார். அப்படியே போனார். நான் விளக்கேற்றிச் சேவித்துவிட்டு, எப்போதும்போல முதல் ஆளாக மேஜைக்குத் திரும்பினேன். மின்விசிறிக் காற்றில் ஒரு பச்சைக் கப்பல் சாய்ந்து உருண்டிருந்தது. எடுத்து வைத்தேன்.

ஆட்டம் தொடர்ந்தது. இவர் தன் பழைய புத்தியைக் காட்டினார். பக்கத்துத் துறைமுகம் காலியாக இருக்க, கப்பலை நடுக்கடலுக்கு நகர்த்தினார். மாணிக்கவேல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூவராகா, அத எடு" என்றார். "கண்ணு தெரியாதவன் நானு. நீ ஏன் பாக்காம ஆடற?"

கவனிக்கவில்லை என்று இவர் சமாளித்தார்.

"எத்தினி மாசமா இப்பிடி ஆடிக்கினு இருக்கற?"

இவர் அந்தக் கப்பலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மாணிக்கவேல் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் உங்ககிட்ட மட்டும்தான் தோத்துக்கினு இருந்தேன். வெளக்கேத்திட்டு நீங்க தனியா வந்து ஒக்காருவீங்க இல்ல, அப்ப என் கட்டைய நகத்தறீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு அத புடிக்கணும்னுதான் வாசல்லேர்ந்து செவுத்தையே பாத்துக்கினு நின்னேன்."

நான் அந்தப் பச்சைக் கப்பலைப் பார்த்தேன்.

"உங்க கை பெருசா வந்துது. வுழுந்த கப்பல எடுத்துது. இருந்த எடத்துலயே வச்சிது. ஒரு இஞ்ச் இப்பிடி அப்பிடி இல்ல."

எனக்கு உச்சந்தலை வரை கோபம் வந்தது. பெருமாளுக்கு விளக்கேற்றிய கையோடு வந்து கட்டையைத் திருடுகிறவள் என்று இத்தனை நாள் என்னைப் பற்றி ஒருவர் நினைத்திருக்கிறார். அப்படி நினைத்துக்கொண்டே என் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறார். கூடவே அழுகையும் வந்தது, அது ஏன் என்று அப்போது புரியவில்லை. கண்ணும் தெரியாமல், எதிரே இருப்பவர்களில் யாரை நம்புவது என்றும் தெரியாமல், ஒரு மனிதர் பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறார்.

மாணிக்கவேல் மன்னிப்பு கேட்க வாயெடுத்தார். இப்போது என் முறை என்று சொல்லி அவரை நிறுத்தினேன். பலகையைப் பார்த்தேன். அவருடைய பெரிய துறைமுகத்துக்கு ஒரு பக்கம் காவல் இல்லை. கையிலிருந்த மூன்று கப்பல்களையும் நேராக அதற்குள் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மாணிக்கவேல் எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். என் கப்பல்கள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். எங்கே கோட்டை விட்டோம் என்று தேடினார். கண்டுபிடித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தோத்துட்டேன்" என்றார் என் கணவரிடம். "பாத்துக்கோ, இப்பிடி ஆடணும்."