வியாழக்கிழமை சமைக்காத மீன்

1

போன கிழமை ஃபிரீசரைத் துப்புரவாக்கும்போது அடியில் ஒரு பாரை மீன் பொதி அகப்பட்டது. பொதிகளில் திகதி எழுதிவைப்பது என் பழக்கம். போன வருட ஆகஸ்ட், ஒரு வியாழக்கிழமை. எறியவும் மனமில்லை, சமைக்கவும் துணிவில்லை. விரல் விறைக்கும்வரை வைத்துக்கொண்டு நின்றேன். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை.

(கடைசி வசனம் பொய். வெட்டாமல் விடுகிறேன்.)

2

முதல் தொடக்கம்: "சிட்னியில், டூங்கபியில் விமலாதேவி என்றொரு பெண் இருந்தாள். படிக்க வரும் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவள். இரக்க குணம் கொண்ட—"

நிறுத்துகிறேன். விமலாதேவி நான்தான். என் பெயர் ரஞ்சினி. வேறு பெயரில் ஒளிந்துகொண்டு எனக்கே நற்சான்றிதழ் எழுதப் பார்த்தேன்.

இரண்டாம் தொடக்கம். மகன் கலியாணம் முடித்துப் போனபின் அவனுடைய அறை சும்மா கிடந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் கல்லூரி ஒன்று அனுப்பும் மாணவருக்கு அதைக் கொடுத்தோம். அப்படி வந்தவள் ஹரிப்பிரியா. கோவில்பட்டிக்காரி, இருபத்திரண்டு வயது. இருபது கிழமை வகுப்பு, முடிவில் ஒரு பரீட்சை. அதில் போதிய புள்ளி எடுத்தால்தான் நர்ஸிங் படிக்கலாம்.

முதல் நாள் பஸ்ஸில் ஏறி, கண்டக்டர் வருவார் என்று காத்திருந்த பிள்ளை அவள். தமிழ் வீடு கிடைத்தது அவளுக்கு நிம்மதி, அவளுடைய இங்கிலீஷுக்கு ஆபத்து. ஆகவே சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷ் மட்டும் என்று ஒப்பந்தம் போட்டோம். தமிழில் கதைத்தவர் பாத்திரம் கழுவவேண்டும். என் கணவர் கணேசலிங்கம் முதல் மாதம் முழுக்கக் கழுவினார்.

3

அந்த வியாழன் காலை, "அன்ரி, டுநைட் ஃபிஷ் கறி, ப்ளீஸ்" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குப் போனாள். நான் கடைக்குப் போய் மீன் வாங்கி வந்தேன். பத்து மணிக்கு ஊரிலிருந்து அவளுடைய சித்தப்பா ஃபோன் எடுத்தார். இரவு அவளுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

"சனிக்கிழமை பரீட்சை முடியட்டும்மா, அதுக்கப்புறம் சொல்லுங்க. இப்பச் சொன்னா எல்லாத்தையும் போட்டுட்டுக் கெளம்பிருவா" என்றார். அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேச முடியாது என்று அவளுக்குச் செய்தி போகுமாம். சொந்தக்காரர் ஒருவரும் ஸ்டேட்டஸ் போடமாட்டார்களாம். நான் சரி என்றேன்.*

மத்தியானம் கணவரிடம் சொன்னேன். சத்தம் போடாத மனிசன், அன்றும் போடவில்லை.

"என்ர அப்பா செத்ததை எனக்கு மூண்டு கிழமை கழிச்சுத்தான் சொன்னவை. ஏ.எல். சோதினையாம். நான் இன்னும் ஒருத்தரையும் மன்னிக்கேல்லை, ரஞ்சினி. பிள்ளைக்குச் சொல்லு."

வாக்குக் கொடுத்தது நான் என்பதால், முடிவையும் என்னிடமே விட்டுவிட்டார்.

* பரீட்சை எழுதும் பிள்ளைக்குச் சாவைச் சொல்லாமல் வைப்பது எங்களிடத்தில் பாசத்தில் சேர்த்தி. இதை இங்கிலீஷில் எழுதினால் குற்றம் போலத் தெரிகிறது. தமிழில் எழுதும்போதும் இப்போது அப்படித்தான் தெரிகிறது.

4

நான் சொல்லவில்லை. ஆனால் மீனை வெட்டக் கத்தியை எடுத்தபோது கை ஓடவில்லை. தகப்பனைக் கிடத்தியிருக்கிற நேரத்தில் மகளுக்கு என் கையால் மீன் மச்சம் கொடுப்பதா? செத்தவீட்டுக்காரர் மச்சம் தொடுவதில்லை. அந்த வழக்கம் கோவில்பட்டியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றுதான். அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. பொதியை ஃபிரீசருக்குள் தள்ளிவிட்டு, பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தேன்.

ஏழு மணிக்கு மேசைக்கு வந்தாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு விரதமா, அன்ரி?"

"ஓம்."

எங்கள் வீட்டில் விரதம் வெள்ளிக்கிழமை மட்டும். நாலு மாதமாக எங்களோடு இருந்தவளுக்கு அது தெரியும். ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டாள். பிறகு எல்லாருடைய தட்டுகளையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். தமிழில் கதைத்தது நாங்கள் இரண்டு பேரும், கழுவியது அவள் மட்டும்.

அவள் மேசைக்கு வந்தபோது கோவில்பட்டியில் மத்தியானம் இரண்டரை. நாலு மணிக்குத்தான் உடலை எடுப்பதாக இருந்தார்கள். அவள் சார்பில் யாராவது பார்க்கட்டும் என்று சித்தப்பா நேரலை வீடியோ இணைப்பை எனக்கு அனுப்பியிருந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். அவளுடைய மூக்கேதான் அவருக்கும். அவள் பார்க்கவேண்டிய முகத்தை நான் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பரீட்சைக்கு வாய்விட்டுப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள்.

(போன பிரதியில், தன் அப்பாவை இங்கிலீஷில் வர்ணித்துக்கொண்டிருந்தாள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் அழுதிருப்பீர்கள். உண்மையில் அவள் வர்ணித்தது ஒரு ரயில் பயணத்தை. ரயிலைத் திரும்ப வைத்துவிட்டேன்.)

5

சனிக்கிழமை பரீட்சை முடிந்து வந்தவளை ஏற்றிக்கொண்டு, காரில் வைத்துச் சொன்னேன்.

"தெரியும், அன்ரி" என்றாள்.

எப்போதிருந்து என்று நான் கேட்கவில்லை. அவள் அன்றிரவே ஊருக்குப் பறந்தாள். ஒரு மாதத்தில் திரும்பி வந்தாள். தேறிவிட்டாள். இப்போது மெல்பேர்னில் நர்ஸிங் படிக்கிறாள், ஸ்பிரிங்வேலில் அறை. கிழமைக்கு ஒருமுறை ஃபோன் எடுப்பாள். இன்றுவரை நாங்கள் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

வியாழக்கிழமை மேசையிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தால், அப்பாவின் முகத்தைப் பார்க்க இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது. பார்க்காமல் இருந்தது அவளுடைய முடிவு. சனிக்கிழமை என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்ததென்றால், அப்பாவின் முகத்தை அவளிடமிருந்து பறித்தது நான்.

6

முடிவு ஒன்று. "வியாழக்கிழமையே தெரியும், அன்ரி. பார்க்க எனக்குத் தைரியம் இல்ல" என்கிறாள்.

முடிவு இரண்டு. "சனிக்கிழமைதான் தெரியும். ஆனா நீங்க செஞ்சதுதான் சரி" என்று கட்டிப்பிடிக்கிறாள்.

முடிவு மூன்று. அவள் அழுகிறாள், நானும் அழுகிறேன், அதன்பிறகு எங்கள்—

இல்லை. மூன்றையும் கணவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"எல்லாத்திலயும் நீ தப்பிறாய்" என்றார்.

7

இன்று ஞாயிறு. ஹரிப்பிரியா சிட்னிக்கு வந்திருக்கிறாள், மத்தியானச் சாப்பாடு எங்களோடு. நேற்றே செய்தி அனுப்பியிருந்தாள்: அன்ரி, ஃபிஷ் கறி, ப்ளீஸ். புது மீன் வாங்கிச் சமைத்திருக்கிறேன்.

மேசையில் வந்து இருக்கிறாள். கறியை அவள் முன்னால் வைக்கிறேன். ஃபோன் என் மடியில் கிடக்கிறது. அந்த வீடியோவின் பதிவு இன்னும் அதில் இருக்கிறது. தமிழில் கேட்கிறேன்.

"அண்டைக்கு வியாழக்கிழமை சாப்பிடேக்க, உனக்குத் தெரியுமே?"

ஹரிப்பிரியா கரண்டியைக் கீழே வைத்தாள். சொன்னாள்: "

(இந்த இடத்தை நான் நிரப்பினால் எப்படியும் என்னை மன்னித்துவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். நீங்கள் என் கையால் சாப்பிட்டவர் இல்லை.)